என் தம்பியைப் பெரியவனாக்கியது யார்?

முதலில் செத்துப்போனவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவரைச் சொல்லாமல் என் தம்பிக்காகப் பேச எனக்கு வாய் வராது.

லாரி டிரைவர். தமிழ்நாட்டுக்காரர். மாங்காய் லோடு ஏற்ற வந்தவர். ஆந்திராவில், எங்கள் புத்தலப்பட்டு தாண்டித் திருப்பதி போகிற ரோட்டோரத்தில் ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்திருந்தார். அவர் இடுப்பில் இருந்த பணத்துக்காக அவரை அடித்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. அவர் மனைவியைக் கோர்ட்டு வராந்தாவில் ஒருநாள் பார்த்தேன். இடுப்பில் பெண் குழந்தை, கையில் ஒரு துணிப்பை. நான் யாரென்று தெரியாமல், "கொஞ்சம் தண்ணி இருக்குமா அக்கா?" என்று தமிழில் கேட்டாள். பாட்டிலைக் கொடுத்தேன். குழந்தைக்குக் குடிக்க வைத்துவிட்டு, தானும் குடித்துவிட்டு, மூடியைத் திருகி பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். நான் யாரென்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண்ணின் வயிற்றெரிச்சலுக்கு முன்னால் என் அழுகை ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

அடித்தவர்கள் மூன்று பேர். மூவரும் கல்யாணமான ஆண்கள். நாலாவதாக நின்றவன் என் தம்பி. பைக்கைப் பிடித்துக்கொண்டு செல்போன் வெளிச்சம் காட்டினான் என்று குற்றப்பத்திரிகையிலேயே எழுதியிருக்கிறார்கள். நின்றது தப்பு. ஓடிவந்து யாரிடமும் சொல்லாமல் போர்த்திக்கொண்டு படுத்தது அதைவிடத் தப்பு. அவனை விட்டுவிடுங்கள் என்று நான் யார் காலிலும் விழவில்லை. பதினாறு வயதில் தப்புச் செய்தவனுக்கு என்று இந்த நாடே ஒரு வழி எழுதி வைத்திருக்கிறதே, அந்த வழியில் அவனைக் கொண்டுபோயிருக்க வேண்டாமா? அதைத்தான் கேட்கிறேன். அந்த வாசலை எங்களுக்கு மட்டும் ஏன் அடைத்தீர்கள்?

கொரோனாவில் ஸ்கூல் மூடியபோது அவன் எட்டாம் வகுப்பு. மறுபடி திறந்தபோது அவன் போகவில்லை. அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு மாம்பழ சீசனில் பல்ப் ஃபாக்டரியில் கொட்டை நீக்குகிற வேலை, மீதி மாதம் கூலி. சித்தூர் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், தோத்தாபுரி சீசன் வந்துவிட்டால் மண்டிக்கு ஆள் பற்றாது. மீசை அரும்பிய எந்தப் பையனையும் வயது கேட்காமல் லோடு தூக்கச் சேர்த்துக்கொள்வார்கள். கிரேட் தூக்கித் தூக்கி இவன் தோள் காய்த்துப் போனது. குரல் உடைந்தது. பார்க்கிறவர்களுக்கு ஆள் மாதிரி இருந்தான். வீட்டுக்கு வந்தால் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு போனில் கார்ட்டூன் பார்ப்பான். இருட்டில் தனியாகக் கொல்லைக்குப் போக மாட்டான், என்னைக் கூப்பிடுவான். இதையெல்லாம் எந்தப் போலீஸ்காரர் எழுதுவார்?

2022 ஜூனில் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவனுக்குப் பதினாறு வயது நாலு மாதம். ஸ்டேஷனில் ரைட்டர், "வயசெந்தரா?" என்று கேட்டாராம். "பதஹாரு சார்" என்றானாம். ரைட்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பத்தொன்பது என்று எழுதினாராம். அவ்வளவுதான். என் தம்பியின் மூன்று வருஷம் ஒரு பேனா முனையில் போய்விட்டது. மற்ற மூவரோடு சேர்த்து அவனையும் லாக்கப்பில் வைத்தார்கள். அங்கேயே அந்த மூவரும் அவனிடம், வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. பி.ஏ. முடித்துவிட்டு ஒரு சின்ன பிரைவேட் ஸ்கூலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இந்த நாலு வருஷத்தில் சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவுகள் எனக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். பத்தாவது பிரிவு: பதினெட்டு நிரம்பாத பிள்ளையை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கவே கூடாது, சிறப்புச் சிறார் காவல் பிரிவிடம் ஒப்படைத்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சிறார் நீதி போர்டு முன்னால் நிறுத்த வேண்டும். ஒன்பதாவது பிரிவு: ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கிறவன் பிள்ளையாக இருப்பான் என்று தோன்றினால், அவர் அதை எழுதிவைத்து உடனே போர்டுக்கு அனுப்ப வேண்டும். தோன்றினால் போதும்! ஆனால் தோன்றுவதற்கு நிமிர்ந்து பார்க்க வேண்டுமே? ரிமாண்ட் அன்றைக்கு நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். காகிதத்தில் தலை குனிந்திருந்தது, குனிந்தபடியே கையெழுத்து விழுந்தது, பதினைந்து நாள் என்றார்கள். "சார், பையன் சார்" என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள். கான்ஸ்டபிள் அவளை வெளியே தள்ளிக்கொண்டு போனார். பெற்றவள் கத்தியதை விட ரைட்டர் எழுதியதுதான் பெரிய சாட்சியா?

எங்கள் முதல் வக்கீல், வயது விஷயத்தை டிரயலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். டிரயல் எப்போது வரும் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

நான் அவன் படித்த ஸ்கூலுக்கு ஓடினேன். அட்மிஷன் ரிஜிஸ்டரில் இருந்தது: பிறந்த தேதி, 2006 பிப்ரவரி. ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர், ஸ்டடி சர்டிஃபிகேட்டில் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் நீட்டினால், பெயர் ஒத்துவரவில்லை என்றார்கள். ஆந்திராவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். நமக்கு இண்டிபேர், அதாவது குடும்பப் பெயர், கிடையாது. ரிஜிஸ்டரில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று டீச்சர் அப்பா பெயரை இண்டிபேராகப் போட்டுவிட்டார். ஆதாரில் இனிஷியல் மட்டும். எஃப்.ஐ.ஆரில் மண்டியில் கூப்பிடுகிற பெயர். ஒரே பிள்ளை, மூன்று பெயர். ஆதாரில் பிறந்த தேதி 2003 ஜனவரி 1. தேதி தெரியாதவர்கள் எத்தனை பேருக்கு இந்த ஜனவரி 1 விழுந்திருக்கிறது என்று ஊரில் ஒரு சுற்று சுற்றினால் தெரியும். அன்றைக்குப் பதிவு செய்தவர் அப்பாவிடம் கேட்டுக்கூடப் போடவில்லை, குத்துமதிப்பாகப் போட்டார். அந்தக் குத்துமதிப்பு இன்று என் தம்பிக்கு விலங்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 94ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. முதலில் ஸ்கூல் சான்று. அது இல்லாவிட்டால் பஞ்சாயத்து, நகராட்சி பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புப் பரிசோதனை. அந்த வரிசையில் ஆதார் இல்லவே இல்லை. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது, ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரமாகாது, ஸ்கூல் சான்றைத்தான் பார்க்க வேண்டும் என்று. ஆனால் எங்களிடம் ஸ்கூல் ரிஜிஸ்டர் இருக்கும்போதே அவனை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனார்கள். மணிக்கட்டைப் படம் பிடித்தார்கள், முழங்கையைப் பிடித்தார்கள். பதினெட்டிலிருந்து இருபதுக்குள் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். எலும்பைப் பார்த்துச் சொல்கிற வயதில் முன்னே பின்னே இரண்டு வருஷம் தப்பு வரலாம் என்று 1982லேயே ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த இரண்டைக் கழித்தால் பதினாறு வருமே! ஏன் கழிக்கவில்லை? கூட்டுவதற்கு மட்டும்தான் உங்களுக்குக் கணக்குத் தெரியுமா?

இது என் வீட்டுக்கு மட்டும் நடந்ததென்றால் தலைவிதி என்று கிடந்திருப்பேன். ராஜஸ்தானைச் சேர்ந்த ஒரு பையன். 1994இல் புனேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை கொடுத்தார்கள். அவன் நிஜப் பெயர் வேறு, வழக்கில் ஏறிய பெயர் வேறு. ஊர் ஸ்கூல் ரிஜிஸ்டரைத் தேடி எடுத்துப் பார்த்தால், சம்பவத்தன்று அவனுக்குப் பன்னிரண்டரை வயது. பன்னிரண்டரை! 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவனை விட்டபோது ஜெயிலில் இருபத்தெட்டு வருஷம் முடிந்திருந்தது. அவனும் பெயர் ஒத்துவராதவன்தான். இன்னொருவன் டேராடூனில், அதே 1994இல், பதினாலு வயது. ரிடையர்டு ராணுவ அதிகாரியின் வீட்டில் மூன்று பேர் கொலை. பாங்க் கணக்கு வைத்திருக்கிறான், அதனால் இவன் மேஜர்தான் என்று கீழ்க் கோர்ட்டு தூக்குக் கொடுத்தது. தூக்குக் கயிற்றின் கீழே பல வருஷம் இருந்தான். 2012இல் ஜனாதிபதி ஆயுளாகக் குறைத்தார், அறுபது வயது வரை வெளியே வரக் கூடாது என்று நிபந்தனை போட்டு. 2025 ஜனவரியில் நீதிபதி எம்.எம்.சுந்தரேஷும் நீதிபதி அரவிந்த் குமாரும் அவனை விடுதலை செய்தார்கள். கோர்ட்டுகளே இழைத்த அநீதி இது என்று அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொண்டது. இருபத்தைந்து வருஷம் உள்ளே இருந்துவிட்டான். ஆக்ரா மத்தியச் சிறையில் இருந்த பதின்மூன்று பேரை 2021 ஜூலையில் இடைக்கால ஜாமீனில் விட்டார்களே, அவர்களும் குற்றம் நடந்தபோது சிறுவர்கள் என்று போர்டே சொல்லியிருந்தும் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தவர்கள். இவர்களை எல்லாம் வெளியே விட்டால் மட்டும் போதுமா? பன்னிரண்டு வயதைத் திருப்பிக் கொடுக்க எந்த பெஞ்சுக்கு அதிகாரம் இருக்கிறது?

தம்பி ஜெயிலில் இருந்தான். பெரியவர்கள் ஜெயிலில்.

அவனைப் பார்க்க முலாக்காத்துக்குப் போகும்போதெல்லாம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஒருவன் வந்து நின்றான். முதலில் அழுதான். "அக்கா, என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடு" என்றான். அப்புறம் அழவில்லை. அப்புறம் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஜவ்வாது மலையிலிருந்து செம்மரம் வெட்டக் கூட்டிவரப்பட்டு மாட்டிக்கொண்ட கூலிக்காரர்கள் சிலர் அந்த பிளாக்கில் இருந்தார்களாம், தமிழ்க்காரப் பையன் என்று சோறு எடுத்து வைத்தார்களாம். அவர்களுக்குக் கோடி கும்பிடு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது தமிழர்களை நம் ஊர் மறந்தே போய்விட்டது, அந்த இருபது பேரின் மண்ணிலிருந்து வந்தவர்கள்தான் என் தம்பிக்கு அங்கே தாயாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஜாமீனில் போய்விடுவார்கள். பிறகு? கக்கூஸ் பக்கம்தான் படுக்கை என்று ஒருநாள் சொன்னான். இன்னொரு நாள் கழுத்தில் காயம் இருந்தது. எப்படி என்று கேட்டேன். விழுந்தேன் என்றான். அவன் சொல்லவில்லை. அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. கேட்க முடியாமல் போன அந்தக் கேள்வி ஒவ்வொரு ராத்திரியும் என் தொண்டையில் நிற்கிறது. ரைட்டருக்கு நிற்கிறதா? தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டவருக்கு நிற்கிறதா?

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. புனேயில் ஒரு பதினேழு வயதுப் பையன் குடித்துவிட்டு போர்ஷே காரை ஓட்டி, பைக்கில் போன இரண்டு இளம் இன்ஜினியர்களைக் கொன்றான் என்று வழக்கு. அன்றைக்கே, விடுமுறை நாளிலேயே, போர்டின் ஒரு உறுப்பினர் உட்கார்ந்து ஜாமீன் கொடுத்தார். சாலை விபத்தைப் பற்றி முந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. நாடே கொதித்தது. அவன் ரத்த மாதிரியை மாற்றியதாக ஆஸ்பத்திரி டாக்டர்களே கைதானார்கள். அந்தப் பையனையும் பெரியவர்கள் ஜெயிலில் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் தம்பிக்கு நடந்தது எந்தத் தாய் பெற்ற பிள்ளைக்கும் நடக்க வேண்டாம். ஆனால் பாருங்கள், அவனுக்குப் பதினேழு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. யாரும் அவன் மணிக்கட்டைப் படம் பிடிக்கவில்லை. யாரும் பெயர் ஒத்துவரவில்லை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று போர்டு மூடியிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி எங்கே இருந்தான்? பதினாறு வயதில் உள்ளே போனவன் பதினெட்டைத் தாண்டியும் அங்கேயே இருந்தான். முந்நூறு வார்த்தை என்ன, மூவாயிரம் வார்த்தை எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பானே!

அந்தப் புனே பையனைப் பெரியவனாக விசாரிக்க வேண்டும் என்று போலீஸ் கேட்டதை 2025 ஜூலையில் போர்டு மறுத்துவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஏனென்றால், ஏழு வருஷத்துக்குக் குறையாத தண்டனை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிற குற்றம்தான் கொடுங்குற்றம், அதற்கு மட்டும்தான் இந்தப் பெரியவனா சின்னவனா என்கிற கேள்வியே வரும். 2020இல் ஷில்பா மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. கொலையாகாத மரணம் என்று பிரிவு போட்டால் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது, கேள்வி வராது. அன்றைய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302 போட்டால் குறைந்ததே ஆயுள், கேள்வி வந்துவிடும். கூடவே பொது நோக்கத்துக்கான 34 போட்டால், அடித்தவனும் வெளிச்சம் காட்டியவனும் ஒன்று. எந்தப் பிரிவைப் போடுவது என்பதை முதலில் தீர்மானிப்பது யார்? மறுபடியும் அதே ஸ்டேஷன். அதே பேனா.

டேராடூன் பையனின் தீர்ப்பு வந்த பிறகுதான் எங்கள் மனு அசைந்தது. புது வக்கீல் ஒருவர் காசு வாங்காமல் வந்தார். ரிஜிஸ்டரோடு ஹெட்மாஸ்டர் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். சம்பவத்தன்று இவன் பதினெட்டு நிரம்பாதவன் என்று எழுதி, போர்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அம்மா காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். எல்லாம் முடிந்தது, பிள்ளை வந்துவிடுவான் என்று நினைத்தாள்.

முடியவில்லை. பதினாறு முடிந்தவன், கொடுங்குற்றம். அதனால் பதினைந்தாவது பிரிவு: இவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று போர்டு பார்க்க வேண்டும்.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடுகிற பஸ்ஸில் அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் குலை நடுங்குகிறது. அதில் ஒருவனுக்குப் பதினெட்டு நிரம்ப சில மாதம் பாக்கி. சட்டத்தில் அதிகபட்சம் மூன்று வருஷம், அதையே கொடுத்தார்கள். 2015 டிசம்பர் 20ஆம் தேதி அவன் வெளியே வந்தான். 22ஆம் தேதி மாநிலங்களவையில் புதுச் சட்டம் நிறைவேறியது. வயதைக் குறைக்காதீர்கள் என்று நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு 2013லேயே எழுதிக் கொடுத்திருந்தது. யார் கேட்டார்கள்? அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை, அன்றைக்கு நானும் மெழுகுவத்தி பிடித்தவள்தான். ஆனால் அந்த ஒருவன் மேல் வந்த கோபத்தில் எழுதிய பிரிவு இன்று எங்கள் மண்டியில் கிரேட் தூக்குகிற பிள்ளைகள் மேல் விழுகிறது.

போர்டு மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்ய அவனுக்கு மனபலமும் உடல்பலமும் இருந்ததா? விளைவு என்ன என்று அவனுக்குப் புரிந்ததா? எந்தச் சூழ்நிலையில் செய்தான்? மூன்றும் அன்றைக்கு, குற்றம் நடந்த அந்த ராத்திரியில், அவன் எப்படி இருந்தான் என்பதைப் பற்றியது. பிள்ளையைப் போர்டு முன்னால் முதலில் நிறுத்திய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை இது. எங்களுக்கு அது நடந்தபோது அவன் பிடிபட்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மனநலம் பார்க்கிற ஒருவர் வந்து அவனோடு பேசினார். அவன் பிறகு எனக்குச் சொன்னது இது. படங்கள் காட்டி அடுக்கச் சொன்னாராம், அடுக்கினான். கணக்குக் கேட்டாராம், போட்டான். பிறகு, "கொலை செய்தால் என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டாராம்.

"302 சார். லைஃப். பதினாலு வருஷம் கழிச்சு ரெமிஷன் கேட்கலாம் சார்."

டக்கென்று சொன்னானாம். சரியாகச் சொன்னேன் அக்கா என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். ஸ்கூலில் கேள்விக்குப் பதில் தெரிந்தால் ஓடிவந்து சொல்வானே, அதே முகம்.

ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்கள்: செயலின் விளைவுகளை நன்கு அறிந்தவன். பெரியவனாக விசாரிக்கலாம்.

ஐயா, அந்தப் பதிலை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எட்டாம் வகுப்புப் பாடத்தில் 302 இருக்கிறதா? ரெமிஷன் என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? அது அவன் ஜெயிலில் கற்றது. நீங்கள் போடக் கூடாத ஜெயிலில், இருக்கக் கூடாத வருஷங்களில், கக்கூஸ் பக்கத்துப் படுக்கையில், ஆயுள் கைதிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் கற்றது. பதினாறு வயதுப் பிள்ளையைப் பிடித்துப் பெரியவர்கள் நடுவில் போட்டீர்கள். அவன் குரலையும் பார்வையையும் பேச்சையும் பெரியவனாக்கினீர்கள். பிறகு வெளியே எடுத்து உட்கார வைத்து, அளந்து பார்த்து, பெரியவன்தான் என்று சர்டிஃபிகேட் கொடுக்கிறீர்கள். நீங்கள் செய்ததை நீங்களே அளந்து அவன் தலையில் எழுதுகிறீர்களே, இதற்கு என்ன பெயர்?

குருகிராம் ஸ்கூலில் 2017இல் ஏழு வயதுப் பிள்ளை கொல்லப்பட்ட வழக்கை எல்லோரும் அறிவீர்கள். ஹரியானா போலீஸ் முதலில் பஸ் கண்டக்டரைப் பிடித்து, அவரே ஒப்புக்கொண்டார் என்றது. சி.பி.ஐ. வந்து அவர் இல்லை, பதினோராம் வகுப்பு மாணவன் என்றது. அந்த மாணவனைப் பெரியவனாக விசாரிப்பதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஜூலையில் நீதிபதிகள் தினேஷ் மகேஷ்வரி, விக்ரம் நாத் பெஞ்ச் சொன்னது: இது ரொம்ப நுட்பமான வேலை. குற்றம் செய்யும் திறன் வேறு, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். விளைவு என்றால் தண்டனை மட்டும் இல்லை, செத்தவரின் குடும்பம் என்ன ஆகும், தன் எதிர்காலம் என்ன ஆகும் என்பதெல்லாம் சேர்ந்தது. மேலும் போர்டில் குழந்தை மனநலம் படித்தவர் இல்லாவிட்டால், நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும். இதற்கு வழிமுறைகள் எழுதுவதைப் பற்றி யோசிக்கும்படி மத்திய அரசையும் குழந்தைகள் உரிமை ஆணையத்தையும் கேட்டுக்கொண்டது. 2023இல் ஆணையம் எழுதவும் செய்தது.

அப்புறம் ஏன் என் தம்பியிடம், அந்த டிரைவரின் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். போன முறை என்னிடம் கேட்டான்: "அந்தப் பாப்பா ஸ்கூலுக்குப் போகுதா அக்கா?" இது எந்தத் திறனில் வரும்? எந்தக் கட்டத்தில் டிக் போடுவீர்கள்? சூழ்நிலை என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறதே, அதற்கு யார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்? அந்த மூவரில் ஒருவன்தான் இவனுக்குக் கூலி பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி. வாடா என்றால் போக வேண்டும், போகாவிட்டால் மறுநாள் வேலை கிடையாது, அந்த வாரச் சம்பளமும் கிடையாது. இதை மண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரையும் கேட்கவில்லையே!

இப்போது அவனுக்கு இருபது. வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. தண்டனை கிடைத்து, இருபத்தொன்று முடிந்தால் இருபதாவது பிரிவுப்படி மறுபடி அளப்பார்கள், திருந்திவிட்டானா, சமூகத்துக்குப் பயன்படுவானா என்று. பயன்படவில்லை என்று தோன்றினால் மீதித் தண்டனைக்கு மறுபடி பெரியவர்கள் ஜெயில். சிறுவனாகத் தீர்ப்பு வந்தால் அவன் குற்றப் பதிவை அழிப்பார்கள், நாளைக்கு ஒரு வேலைக்குப் போகலாம். பெரியவனாகத் தீர்ப்பு வந்தால் அந்தப் பதிவு சாகும்வரை கூட வரும். தூக்குக் கிடையாது, வெளியே வர வழியே இல்லாத ஆயுளும் கிடையாது என்று இருபத்தொன்றாவது பிரிவு சொல்கிறது. அதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டுமாம்.

டிவியில் உட்கார்ந்துகொண்டு, பெரியவன் செய்கிற குற்றத்தைச் செய்தால் பெரியவன் தண்டனைதான் என்று பேசுகிறவர்களே, உங்கள் வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருக்கிறதா? அது போடுகிற கையெழுத்து செல்லுமா? ஓட்டுப் போட விடுவீர்களா? நிலத்தை விற்க விடுவீர்களா? ஜெயிலுக்கு மட்டும் எப்படி அது பெரியவனாகிறது?

எனக்கு இன்னும் ஒரு கதவு பாக்கி இருக்கிறது. போர்டு என்ன எழுதினாலும், குழந்தைகள் நீதிமன்றம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரியவனாக விசாரிக்கத்தான் வேண்டுமா என்று தானே முதலிலிருந்து பார்க்க வேண்டும், அது சம்பிரதாயம் இல்லை, கடமை என்று 2023இல் அஜித் குர்ஜார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேவையில்லை என்று பட்டால் சிறுவனாகவே விசாரித்து முடிக்கலாம், பத்தொன்பதாவது பிரிவு அந்த அதிகாரத்தை அந்த நீதிபதிக்குக் கொடுத்திருக்கிறது. அடுத்த வாய்தாவில் எங்கள் வக்கீல் அதைத்தான் கேட்கப் போகிறார்.

அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் முன்னால் தாடி வைத்த ஒருவன் வந்து நிற்பான். கையைக் கட்டிக்கொண்டு, "எஸ் சார்" "நோ சார்" என்று ஜெயில் பழக்கத்தில் பதில் சொல்வான். அவனைப் பார்த்து முடிவு எழுதாதீர்கள். அவனுக்கு எட்டாம் வகுப்பு எடுத்த டீச்சர் புத்தலப்பட்டில்தான் இருக்கிறார், சம்மன் அனுப்புங்கள். மண்டிக் கணக்குப் புத்தகத்தை வரவழையுங்கள், பதினாறு வயதில் இவனுக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள், யார் கையில் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். அந்த மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றிக் கேளுங்கள். பத்தொன்பது என்று எழுதிய ரைட்டரைக் கூப்பிட்டு, எதை வைத்து எழுதினாய் என்று கேளுங்கள். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு கேள்வியை அவரிடம் யாருமே கேட்கவில்லை.